கேளுங்கள் மாஸ்டர்: எட்டரை அடி அறைக்கு எந்த ராடு?

கேள்வி: வாடகை வீடு, முதல் மாடி. ஒரு சின்ன அறை சும்மா கிடக்கிறது. பீரோ போக நீளவாக்கில் எட்டரை அடி தேறும். நானும் பிளஸ் டூ படிக்கும் மகளும் எடை தூக்கிப் பழக ஆசை. கையில் 20,000 ரூபாய். பெஞ்ச், ராடு, பிளேட் எல்லாம் சேர்ந்த செட்டாக வாங்கிவிடலாமா?
(வாசகர், திருப்பூர்)

பதில்: செட் வேண்டாம் சார். முதலில் ராடை முடிவு செய்யுங்கள். பணத்தில் பாதி அதற்கே போனாலும் கவலையில்லை.

2018-இல் கோல்டு கோஸ்ட் காமன்வெல்த் போட்டியில் எங்கள் வேலூர் சத்துவாச்சாரி சதீஷ் சிவலிங்கம் பளுதூக்கித் தங்கம் வாங்கினாரே, அந்த மாதிரி ஆண்கள் போட்டி ராடு 20 கிலோ எடை, 220 செ.மீ. நீளம். அதாவது கிட்டத்தட்ட ஏழேகால் அடி. உங்கள் அறையில் போட்டால் பக்கத்துக்கு முக்கால் அடிகூட மிஞ்சாது. பிளேட்டைச் செருகுவதற்குள் சுவர்ப் பூச்சு பெயர்ந்துவிடும், வீட்டுக்காரர் அட்வான்ஸில் கழித்துவிடுவார். நீங்கள் பெண்கள் ராடு வாங்குங்கள். 15 கிலோ, 201 செ.மீ. பிடி 25 மி.மீ.தான் (ஆண்களுடையது 28), மகளின் கைக்கு அடக்கமாக இருக்கும். பிளேட் மாட்டும் முனை இரண்டு ராடிலும் ஒன்றுதான், 50 மி.மீ. இதில் கௌரவம் பார்க்காதீர்கள்.

அந்த 50 மி.மீ.யை மட்டும் மறந்துவிடாதீர்கள். மலிவு செட்டுகளில் பிளேட்டின் துளை ஓர் அங்குலத்தை ஒட்டித்தான் இருக்கும். நாளைக்கு நல்ல ராடு வாங்கினால் அந்த பிளேட் எதுவும் ஏறாது.

கடையில் ராடைத் தரையில் உருட்டிப் பாருங்கள், வளைவு இருந்தால் தள்ளாடும். பிளேட்டை எடை போடாமல் வாங்காதீர்கள். நான் முதன்முதலில் வாங்கிய ஜோடியில் இரண்டிலும் 10 என்றுதான் அச்சிட்டிருந்தது. இடது தோள் மட்டும் ஏன் வலிக்கிறது என்று இரண்டு மாதம் குழம்பிவிட்டு, பழைய பேப்பர் கடைத் தராசில் வைத்தேன். ஒன்று 9.2, இன்னொன்று 10.3!

10, 5, 2.5, 1.25 கிலோவில் ஒவ்வொரு ஜோடி போதும். ராடோடு சேர்த்து 52.5 கிலோ. 1.25-ஐக் கடைக்காரர் சிரித்துக்கொண்டே எடுத்துத் தருவார். கொஞ்சம் கொஞ்சமாக எடை கூட்ட மகள் அதிகம் தேடப்போவது அதைத்தான்.

போட்டி பிளேட்டின் விட்டம் 45 செ.மீ., அதனால் ராடு தரையிலிருந்து 22.5 செ.மீ. உயரத்தில் நிற்கும். சின்ன இரும்பு பிளேட்டில் ராடு தாழ்ந்துவிடும், எடுக்கும்போது முதுகு வளையும். இருபுறமும் பலகை அடுக்கி அந்த உயரத்துக்குக் கொண்டுவாருங்கள். கீழே தடிமனான ரப்பர் மேட். அது இருக்கிறதே என்று எடையைத் தொப்பென்று போடாதீர்கள், கீழ்வீட்டுக்காரர் ஏறி வருவார்.

பெஞ்ச் அப்புறம் பார்க்கலாம்.

கேள்வி: பெயின்ட் டப்பாவில் கான்கிரீட் ஊற்றி வெயிட் செய்யலாமா?
(வாசகர், ஆம்பூர்)

பதில்: நான் தொடங்கியதே அதில்தான் தம்பி. 4 லிட்டர் டப்பா நிறைய ஊற்றினால் ஒன்பதரை கிலோ வரும். கைப்பிடியை நம்பாமல் டப்பாவை நெஞ்சோடு அணைத்து உட்கார்ந்து எழு. தலைக்கு மேல் மட்டும் தூக்காதே. எனக்குக் கைப்பிடி கழன்ற அன்று நல்லவேளையாகக் காலுக்கும் டப்பாவுக்கும் நடுவே ஒரு சாண் இருந்தது.