யாங்ஷுவோ ரயில் நிலையம் சிங்பிங்கில் இருப்பது ஏன்?

வணக்கம். சீனாவின் யாங்ஷுவோ நிலையத்திற்குப் பயணச்சீட்டு எடுத்த பிறகு, வரைபடத்தில் அந்நிலையம் யாங்ஷுவோ நகரை விட்டு விலகிச் சிங்பிங்கில் காட்டப்படுவதைக் கண்டு குழம்பியதாக எழுதியிருந்தீர்கள். வரைபடம் சரியானதே. யாங்ஷுவோ என்பது தென் சீனாவின் குவாங்சிப் பகுதியில் குயிலின் நகர ஆட்சிக்கு உட்பட்ட மாவட்டத்தின் பெயருமாகும். சிங்பிங் அம்மாவட்டத்தைச் சேர்ந்த சிற்றூர். 2014 இறுதியில் திறக்கப்பட்ட குய்யாங்–குவாங்சோ அதிவேக ரயில்பாதை சிங்பிங் எல்லைக்குள் செல்வதால், நிலையம் அங்கே அமைந்து மாவட்டத்தின் பெயரைப் பெற்றது. யாங்ஷுவோ நகருக்கு அங்கிருந்து சாலைவழியே ஏறத்தாழ 30 கிலோமீட்டர். சிங்பிங்கின் பழைய தெருவுக்கோ சில கிலோமீட்டர்தான்.

வரைபடத்தில் நேர்கோட்டுத் தொலைவை மட்டும் அளந்து நேரத்தைக் கணக்கிடாதீர்கள். பழங்காலக் கடலடியில் படிந்த சுண்ணாம்புப் பாறையை மழைநீர் கோடிக்கணக்கான ஆண்டுகளாகக் கரைத்ததால் உருவான செங்குத்தான குன்றுகள் அங்கே நெருக்கமாக நிற்கின்றன. லி ஆறும் சாலைகளும் அவற்றைச் சுற்றி வளைந்தே செல்கின்றன. குன்றுகளுக்கிடையே கிடைக்கும் சமநிலத்தில்தான் வீடுகளும் பழத்தோட்டங்களும் அமைந்துள்ளன. குளிர்காலத்தில் சென்றால், சிறு ஆரஞ்சு போன்ற பழம் தரும் கும்குவாட் மரங்களின்மீது வெண்ணிறப் பிளாஸ்டிக் விரிப்புகள் போர்த்தியிருப்பதைக் காணலாம்.

என் கருத்தில், முதல் இரவைச் சிங்பிங்கிலேயே கழிப்பது நல்லது. காலையில் ஆற்றோரமாக, நீரோட்டத்திற்கு எதிர்த்திசையில் சிறிது தூரம் நடந்தால், 20 யுவான் நோட்டின் பின்புறத்தில் அச்சிடப்பட்டுள்ள அதே காட்சி கண்முன் விரியும். அதன் பிறகு யாங்ஷுவோவுக்குப் பேருந்தில் செல்லலாம்.