மேக் வாங்கக் கடன் வேண்டாம், ஐயா

உங்கள் மின்னஞ்சலை இரண்டு முறை படித்தேன். மகள் கணினி அறிவியல் இரண்டாம் ஆண்டு. ஹாஸ்கெல், ஓகேமல் என்று ஏதோ ஃபங்ஷனல் மொழிகளில், அதாவது கணிதச் சார்புகளைக் கோத்து நிரல் எழுதும் கணினி மொழிகளில், இறங்கியிருக்கிறாள். வீட்டிலிருக்கும் விண்டோஸ் லேப்டாப்பில் அவை ஏறவில்லை, ஆப்பிளின் மேக்தான் வேண்டும் என்கிறாள். லட்ச ரூபாய்க்குக் கடன் வாங்கலாமா, இந்த மொழிகளுக்கு வேலைதான் கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கடன் வாங்க வேண்டாம். ஆனால் அவள் சாக்குச் சொல்கிறாள் என்றும் நினைத்துவிடாதீர்கள்.

நீங்கள் இணைத்திருந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். விண்டோஸில் அவளுடைய கோப்புறையின் பெயர், அவள் பெயர், ஓர் இடைவெளி, பிறகு உங்கள் இனிஷியல். கோளாறு அந்த இடைவெளியில்தான் இருக்க வேண்டும். இந்த மொழிகளின் கருவிகள் பலவற்றுக்கு, கோப்புப் பாதையில் இடைவெளி வந்தால் பாதை அங்கேயே முறிந்துபோகும். நம் ஊர்ப் பிள்ளைகளில் பாதிப் பேரின் கணினியில் இப்படித்தான் பெயர் இருக்கும். இடைவெளி இல்லாத பெயரில் புதிய பயனர் கணக்கு ஒன்றைத் தொடங்கி, மறுபடி நிறுவச் சொல்லுங்கள். செலவு ஒன்றுமில்லை.

இந்தத் தொல்லைக்குக் காரணம் இம்மொழிகளின் பிறந்த வீடு. ஓகேமல் பிரான்சின் இன்ரியா ஆய்வு நிறுவனத்தில் வளர்ந்தது. ஹாஸ்கெலின் முதன்மைக் கம்பைலர் (நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் மென்பொருள்) கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் உருவானது. அந்த ஆய்வாளர்கள் புழங்கியது யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தில். கட்டளைகளை வாங்கி இயக்கும் ஷெல்லும் சி மொழிக் கம்பைலரும் எந்தக் கணினியிலும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் என்று நம்பியே கருவிகளை எழுதினார்கள். விண்டோஸில் அவை தாமாக வருவதில்லை. ஓகேமலின் கருவிகளை இறக்கி நிறுவித் தரும் தொகுப்பு மேலாளரான ஓபாம் 2013-இல் முதல் பதிப்பு கண்டது. விண்டோஸுக்கு அதிகாரபூர்வ ஆதரவு வந்ததோ 2024 ஜூலையில், 2.2 பதிப்பில்! இணையத்தில் அவள் படிக்கும் பழைய குறிப்புகள் பாதிக்கு மேல் அதற்கு முந்தையவையாக இருக்கும். அவற்றை நம்பி உட்கார்ந்தால் பொழுதுதான் போகும்.

மேக் மட்டும் தொல்லையில்லாததா? 2020 நவம்பரில் ஆப்பிள் தன் சொந்தச் சில்லுக்கு மாறியபோது, அதற்கு நேரடியாக இயந்திரக் குறிமுறை உருவாக்கும் வசதி ஹாஸ்கெல் கம்பைலரில் இல்லை. 2021 அக்டோபரில் 9.2 பதிப்பு வந்த பிறகுதான் நிலைமை சீரானது.

என் யோசனை இது. விண்டோஸுக்குள்ளேயே, யூனிக்ஸைப் போன்ற லினக்ஸ் இயங்குதளத்தை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் வசதியை மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தருகிறது. ஒரே ஒரு கட்டளை, ஒருமுறை மறுதொடக்கம், லினக்ஸின் ஒரு வகையான உபுண்டு வந்துவிடும். அதற்குள் ஹாஸ்கெலையும் ஓகேமலையும் நிறுவட்டும். லேப்டாப்பில் 4 ஜிபி ராம்தான் என்றால் திணறும். ஹாஸ்கெல் கம்பைலர் நினைவகத்தைத் தின்பதில் சளைத்ததல்ல. கூடுதல் ராம் போட இடம் இருக்கிறதா என்று பழுதுபார்க்கும் கடையில் கேளுங்கள். உங்கள் பணம் போக வேண்டிய இடம் அதுதான். அதோடு, நிறுவனங்களின் சர்வர்கள் பெரும்பாலும் லினக்ஸில் ஓடுபவை. இந்தப் போராட்டத்தில் அவள் பழகும் கட்டளைகள் எந்த வேலைக்குப் போனாலும் உதவும்.

லினக்ஸே வேண்டாம் என்றாலும் வழி உண்டு. இதே வகை மொழிகளான ஸ்காலாவும் க்ளோஜரும் ஜாவா ஓடும் இடத்திலெல்லாம் ஓடும். எஃப்ஷார்ப் மைக்ரோசாஃப்ட்டின் சொந்தப் பிள்ளை. எர்லாங்குக்கு விண்டோஸ் நிறுவி தனியாகவே கிடைக்கிறது. ஆனால் எளிதாக ஏறுகிறது என்பதற்காக மட்டும் மொழியை மாற்றச் சொல்ல எனக்கு மனமில்லை.

வேலைக்கு வருவோம். வளாகத் தேர்வுக்கு வரும் நிறுவனங்கள் ஜாவாவையும் பைத்தானையும்தான் கேட்கும். அவற்றில் ஒன்றை அவள் கைவிடக் கூடாது, இதில் நான் கண்டிப்பாக இருப்பேன். ஃபங்ஷனல் மொழிகளுக்கு இடங்கள் குறைவு, ஆனால் இருக்கின்றன. பெங்களூரின் ஜஸ்பே ஹாஸ்கெலில் பணப் பரிமாற்ற மென்பொருள் எழுதுகிறது. ஜேன் ஸ்ட்ரீட் என்ற பங்கு வர்த்தக நிறுவனம் ஓகேமலிலேயே காலம் தள்ளுகிறது. வாட்ஸ்அப்பின் சர்வர்கள் எர்லாங்கில் எழுதப்பட்டவை. 2014-இல் ஜாவா 8 லாம்டா எனும் பெயரில்லாச் சிறு சார்புகளைச் சேர்த்துக்கொண்ட பிறகு, இந்தச் சிந்தனைமுறை ஜாவா வேலையிலும் தேவைப்படுகிறது.

உங்களுக்குத் தெரிந்திருக்காது: 2022 டிசம்பரில் வந்த ஓகேமல் 5, செயலியின் பல கோர்களில் ஒரே நேரத்தில் இயங்கும் திறனைப் பெற்றதில் சென்னை ஐஐடியின் கே.சி. சிவராமகிருஷ்ணனுக்குப் பெரும் பங்கு உண்டு. சென்னை கணிதவியல் கழகப் பேராசிரியர்களின் ஹாஸ்கெல் பாடம் என்பிடெல் என்ற இணையப் பாடத் தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அதை இந்த விடுமுறையில் முடிக்கச் சொல்லுங்கள்.

புதிய கணக்கிலும் பிழை வந்தால் எனக்கு அனுப்பட்டும். கடைசி வரியை மட்டும் படம் பிடித்து அனுப்பாமல், முதல் பிழை தொடங்கும் இடத்திலிருந்து எழுத்தாகவே நகலெடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.