மெழுகு உருளைக்கு அடங்காத வாசிப்பு

அன்புள்ள ஆசிரியருக்கு,

உதயணன் மொழிபெயர்த்த பின்லாந்துக் காவியமான ‘கலேவலா’வைக் கொஞ்சம் கொஞ்சமாக வாசித்து இப்போதுதான் முடித்தேன். அந்த வேகத்தில் யூட்யூபில் காந்தெலெ என்ற தந்திக் கருவியின் இசையைத் தேடப்போய் வர்த்தினா என்ற பின்லாந்துக் குழுவின் பாடல்களில் வந்து நின்றேன். மிகவும் பிடித்திருக்கிறது. ஆனால் ஒரு குழப்பம். டிரம்ஸும் பாஸும் சேர்ந்து ஒலிக்கும் இவற்றைப் பின்லாந்து-ரஷ்ய எல்லைப் பகுதியான கரேலியாவின் மரபிசை என்று எப்படிச் சொல்வது? பழைய பாடகர்களின் பாடல்கள்தான் ஹெல்சிங்கியில் காப்பகத்தில் பத்திரமாக இருக்கின்றனவே. அந்த ஊர்களும் அந்த வாழ்க்கையும் போய்விட்டன. இனி அந்த இசையை மீட்பது என்பதற்கு என்ன பொருள்? இருப்பதைக் கெடாமல் வைத்திருந்தால் போதாதா? எதிலிருந்து கேட்கத் தொடங்கலாம் என்பதையும் சொல்லுங்கள்.

ர., திருநெல்வேலி

அன்புள்ள ர.,

போதாது என்றே நினைக்கிறேன். காப்பகத்துக்குள் என்ன போய்ச் சேர்ந்தது, என்ன சேரவில்லை என்று பார்த்தால் காரணம் தெரியும்.

நீங்கள் வாசித்த காவியத்திலிருந்தே தொடங்கலாம். கயானி என்ற சிற்றூரில் மருத்துவராக இருந்த எலியாஸ் லொன்ரோத், 1834இல் எல்லை தாண்டி வெண்கடல் கரேலியாவுக்குப் போனார். லாத்வாயார்வி கிராமத்தில் அர்ஹிப்பா பெர்த்துனென் என்ற குடியானவர் அவருக்கு 4,000 வரிகளுக்கு மேல் பாடிக் கொடுத்தார், அத்தனையும் நினைவிலிருந்து. லொன்ரோத் எழுதிக்கொண்டது பெரும்பாலும் சொற்களைத்தான். அப்படிப் பலர் பாடியவற்றை இணைத்து 1835இல் முதல் பதிப்பையும், 1849இல் 50 பாடல்களும் 22,795 வரிகளும் கொண்ட விரிவான பதிப்பையும் வெளியிட்டார். பிறகு பின்னிஷ் இலக்கியக் கழகம் 1908 முதல் 1948 வரை 33 பகுதிகளாகவும், 1997இல் இன்னொன்றாகவும் பழம்பாடல்களைத் தொகுத்து அச்சிட்டது. ஏறத்தாழ 89,000 பாடல்கள். உலகில் வேறு எந்தச் சிறிய மக்களினமும் இப்படித் தன் வாய்மொழியைத் தொகுத்திருக்குமா என்று வியப்பாக இருக்கும். ஆனால் அந்த மலைபோன்ற தொகுப்பு சொற்களின் தொகுப்பு.

மெட்டு அவ்வளவு எளியது, அதில் குறித்துக்கொள்ள என்ன இருக்கிறது என்று அன்று பலர் எண்ணியிருக்கக் கூடும். எட்டு அசை கொண்ட வரி. பெரும்பாலும் ஐந்து எண்ணிக்கைத் தாளம். ஐந்து ஸ்வரங்களுக்குள் முடிந்துவிடும் சுற்று. ஒருவர் வரியைப் பாட, மற்றவர் அதன் கடைசி அசைகளில் சேர்ந்துகொண்டு திரும்பப் பாடுவார். தாளில் எழுதினால் ஒரு கோடு கூட நிரம்பாது. நல்ல பாடகர் அதை மணிக்கணக்கில் பாடும்போது ஒவ்வொரு வரியிலும் ஏதோ ஒன்று மிக நுட்பமாக மாறிக்கொண்டே இருக்கும். அந்த மாற்றம்தான் இசை.

இது எனக்கு உறைத்தது பின்னிஷ் இசை ஆய்வாளர் அர்மாஸ் ஓட்டோ வைசனென் செய்த வேலையைப் பற்றிப் படித்தபோது. 1916, 1917 ஆண்டுகளில், அன்று பின்லாந்தின் கிழக்கு விளிம்பாக இருந்த எல்லைக் கரேலியாவில், சுயிஸ்தாமோ, இம்பிலாஹ்தி போன்ற ஊர்களில் மெழுகு உருளையில் பதியும் ஒலிப்பதிவுக் கருவியோடு அலைந்தவர் அவர். சிறிய காந்தெலெயை மடியிலோ மேசையிலோ வைத்து, இரு கை விரல்களும் ஒன்றின் இடையே ஒன்று புகுந்து, ஒவ்வொரு விரலும் தனக்கான தந்தியை மட்டுமே மீட்டும் முறை அங்கே உயிரோடு இருந்தது. வாசிப்பவர் ஒரு சிறு ஸ்வரத் தொடரை எடுத்து, அதையே திருப்பித் திருப்பி, ஒவ்வொரு முறையும் சற்றே மாற்றிக்கொண்டு போவார். இன்ன இடத்தில் தொடக்கம், இன்ன இடத்தில் முடிவு என்று கிடையாது. தங்கள் சொந்த வல்லமையை வாசிப்பதாகவே அவர்கள் சொன்னார்கள். மெழுகு உருளை சில நிமிடங்களுக்குத்தான் தாங்கும். ஆகவே காப்பகத்தில் இருப்பது நீண்ட வாசிப்பின் ஒரு துண்டு. ஓடுகிற ஆற்றிலிருந்து ஒரு குடம் மொண்டது போல. குடத்து நீரை எவ்வளவு தூய்மையாகக் காத்தாலும் அதிலிருந்து ஓட்டம் கிடைக்காது.

வைசனெனை நான் குறை சொல்லவில்லை. அவருடைய குறிப்புகளும் உருளைகளும் 1928இல் வந்த அவருடைய தொகுப்பும் இல்லையென்றால் இன்று ஒன்றுமே மிஞ்சியிருக்காது.

மரபு அருகிய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லூத்தரன் திருச்சபை பழம்பாடல்களைப் பேய்வழிபாட்டின் மிச்சமாகப் பார்த்தது. வயலினும், எதுகையோடு வரும் புதுப் பாடல்களும் மேற்கிலிருந்து பரவின. ஆர்த்தடாக்ஸ் கரேலியாவில் பழையது இன்னும் நெடுநாள் தாங்கியது. பிறகு இரண்டாம் உலகப் போர். சோவியத் ஒன்றியத்திடம் நிலம் போனதும் 4,00,000க்கும் மேற்பட்ட கரேலிய மக்கள் வீடு வாசலை விட்டுப் பின்லாந்து முழுவதும் சிதறினார்கள். பாட ஆள் இருந்தாலும் எதிர்வரி பாடப் பக்கத்து வீட்டுக்காரர் இல்லை.

மீட்பு என்ற பெயரில் நடந்தவை எல்லாம் ஒரே மாதிரியானவை அல்ல. கௌஸ்தினெனில் 1968இல் தொடங்கிய நாட்டுப்புற இசைவிழாவை எல்லோரும் சொல்வார்கள். அங்கே குடும்பம் குடும்பமாக வயலின் வாசிப்பு அறுபடாமல் வந்தது. 2021இல் யுனெஸ்கோ பட்டியலிலும் இடம்பெற்றது. அது மேற்கின் மரபு, காத்தால் போதும். கரேலியாவில் அறுந்துபோனதை மீண்டும் முடிச்சுப் போட வேண்டியிருந்தது. 1983இல் ஹெல்சிங்கியின் இசைக் கல்லூரியான சிபேலியஸ் அகாதெமியில் நாட்டுப்புற இசைத் துறை தொடங்கியபோது அதன் தலைவர் ஹெய்க்கி லைதினென் எடுத்த முடிவைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். மாணவர்கள் பழைய பதிவுகளைக் காதால் கேட்டுக் கற்க வேண்டும். அதோடு நில்லாமல் அந்த முறையிலேயே மனோதர்மமாக வாசிக்கவும் புதிதாக ஆக்கவும் வேண்டும். காந்தெலெ கலைஞர் அர்யா கஸ்தினென் வைசனெனின் பதிவுகளை வைத்து அந்த விரல்முறையைத் திரும்பக் கட்டியெழுப்பியது இந்த வழியில்தான். குதிரைமயிர்த் தந்திகள் கொண்ட, வில்லால் இழைக்கும் யோஹிக்கோவை ரௌனோ நியெமினென் செய்து செய்து பார்த்தே ஆராய்ந்தார். கருவியைச் செய்யும் கைக்குத் தெரிவது கண்ணாடிப் பேழைக்கு வெளியே நின்று பார்ப்பவருக்குத் தெரியாது.

இப்போது வர்த்தினா. 1983இல் வட கரேலியாவின் ரேக்குலா என்ற ஊரில் சிறுவர் சிறுமியர் கூடிப் பாடிய குழு அது. பின்னர் பாஸும் டிரம்ஸும் வந்தன, உண்மைதான். ஆனால் பெண்கள் குரலைத் திறந்து நெஞ்சிலிருந்து பாடும் பாணி, வரிக்கு வரி எதிர்பாடுவது, சொல்லின் அசையே தாளமாவது ஆகியவை பழைய ஊர்களிலிருந்து வந்தவை. இதோடு சோவியத் கரேலியாவை ஒப்பிட்டுப் பாருங்கள். பெத்ரோசாவோத்ஸ்கில் விக்தர் குத்கோவ் 1936இல் ‘காந்தெலெ’ என்ற பெயரிலேயே குழு அமைத்தார். கருவியை எல்லா அரை ஸ்வரங்களும் வாசிக்கும்படி மாற்றி, ஆர்க்கெஸ்ட்ராவாக்கி மேடையேற்றினார். கருவியின் பெயர் தழைத்தது. தனியே அமர்ந்து தனக்காக மீட்டும் அந்த வாசிப்புக்கு அங்கே இடமில்லாமல் போனது. மரக்கருவி இருக்கிறதா, மின்கருவி இருக்கிறதா என்பதை வைத்து எது மரபு என்று என்னால் முடிவு செய்ய முடியவில்லை.

நீங்கள் கேட்காத ஒன்றும் இருக்கிறது. லாரின் பாரஸ்கெ என்ற, செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கைச் சுற்றியுள்ள இங்ரியாவின் பெண் பாடியதிலிருந்து 30,000க்கும் மேற்பட்ட வரிகள் எழுதி எடுக்கப்பட்டன. ஆல்பெர்ட் எடெல்ஃபெல்ட் அவரை ஓவியமாக வரைந்தார். பின்லாந்தின் இசையமைப்பாளர் சிபேலியஸ் தன் இளவயதில் அவர் பாடக் கேட்டார். 1904இல் அவர் வறுமையில்தான் இறந்தார். பாடல் தேசத்தின் சொத்து ஆனது, பாடியவருக்கு வயிறு நிறையவில்லை. கரேலியர்களுக்கும் இந்த மனக்குறை உண்டு. தங்கள் பாடலைப் பின்னிஷ் என்று கொண்டாடியவர்கள், போருக்குப் பின் வந்து சேர்ந்த ஆர்த்தடாக்ஸ் கரேலியரை ‘ரஷ்யர்’ என்று ஏசியதை அவர்கள் மறக்கவில்லை. பின்னிஷுக்கு நெருங்கிய, ஆனால் தனியான மொழி கரேலியம். பின்லாந்தில் அதற்குச் சிறுபான்மை மொழி என்ற சட்ட ஏற்பு கிடைத்ததே 2009இல்தான். கரேலிய ஒப்பாரியில் தாயையும் பிள்ளையையும் உறவுப்பெயரால் அழைக்க மாட்டார்கள். ஒவ்வொருவருக்கும் சுற்றிவளைத்த அன்பான அடைமொழி உண்டு. இப்போது பயிற்சி வகுப்புகளில் பலர் ஒப்பாரி கற்கிறார்கள், பின்னிஷ் மொழியிலும் பாடுகிறார்கள். எனக்கு அதில் மகிழ்ச்சியே. ஆனாலும் மீட்பு வேலையில் இனிச் செலவழிக்கும் பணத்தில் பெரும்பங்கு கரேலிய மொழி வகுப்புகளுக்குப் போக வேண்டும் என்று விரும்புகிறேன்.

கேட்பதற்கு: முதலில் கஸ்தினென். ஹெட்ஃபோனில், இடையில் நிறுத்தாமல் கேளுங்கள். மிக மெல்லிய ஒலி, முதல் ஐந்து நிமிடம் ஒன்றும் நடக்காதது போல இருக்கும். அடுத்து இன்னொரு காந்தெலெ கலைஞர், மார்த்தி பொகேலா. பிறகு வர்த்தினாவின் தொண்ணூறுகளின் தொடக்கத்துப் பாடல்களுக்குத் திரும்புங்கள். வைசனெனின் உருளைப் பதிவுகளைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். இரைச்சலுக்கு நடுவே எதைத் தேட வேண்டும் என்று அதற்குள் காதுக்குத் தெரிந்திருக்கும். கேட்டுவிட்டு எழுதுங்கள்.