தினமும் ஒன்று என்று எழுதியிருந்தது

கேள்வி: அம்மாவுக்கு வயது 67. முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். மருந்துக்கடையில் தந்த கவரின் மேல் 'தினமும் இரவு ஒன்று' என்று இருந்தது. அப்படியே ஒன்பது நாள் கொடுத்தேன். வாயெல்லாம் புண், தண்ணீர்கூட இறங்கவில்லை. பத்தாம் நாள் மருத்துவமனைக்குக் கொண்டுபோனேன். வாரத்துக்கு ஒருமுறை போட வேண்டிய மாத்திரையாம். ரத்த அணுக்கள் குறைந்து பதினாறு நாள் படுக்கையில் இருந்தார். இப்போது மெல்லத் தேறுகிறார். டாக்டர் கடைக்காரரைக் கைகாட்டுகிறார், கடைக்காரர் டாக்டரின் கையெழுத்தைக் காட்டுகிறார். வழக்குப் போடலாமா? அம்மா 'போனது போகட்டும்' என்கிறார். என் கையால்தானே எடுத்துக் கொடுத்தேன் என்ற நினைப்பு என்னைத் தூங்க விடவில்லை.
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புச் சகோதரி, உங்கள் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன். கவரில் எழுதியிருந்ததை அப்படியே செய்தீர்கள். நோயாளியின் வீட்டார் செய்ய வேண்டியதும் அதுதான். மெத்தோட்ரெக்சேட் உடலின் செல்கள் பெருகுவதைத் தடுக்கிற மருந்து. வேகமாகப் பெருகும் செல்கள் இருக்கிற வாயின் உட்பக்கமும், ரத்த அணுக்கள் உருவாகும் எலும்பு மஜ்ஜையும்தான் முதலில் அடிவாங்கும். வாய்ப்புண்ணைப் பார்த்ததும் 'சூடு, தானாகப் போய்விடும்' என்று இருந்துவிடாமல் தூக்கிக்கொண்டு ஓடினீர்களே, அதுதான் அம்மாவைக் காப்பாற்றியிருக்கிறது. இந்த மருந்தில் வாரம் ஒன்று தினம் ஒன்றாக மாறிப்போய் உயிரே போன சம்பவங்கள் பல நாடுகளில் பதிவாகியிருக்கின்றன. மாத்திரை என்றாலே தினமும் என்பது எழுதுகிற கைக்கும் பழக்கம், கொடுக்கிற கைக்கும் பழக்கம். அந்தப் பழக்கத்தைத் தடுத்து நிறுத்த வேண்டிய பொறுப்பு படித்துப் பட்டம் வாங்கியவர்களுடையது, உங்களுடையது இல்லை.

இனி வழக்கு. அதற்கு முன்னால் ஒன்று: அந்தக் கவரைத் தூக்கி எறிந்துவிடவில்லையே? கவர், அசல் மருந்துச் சீட்டு, பில், மிச்ச மாத்திரை இருக்கிற அட்டை நான்கையும் ஒன்றாகப் போட்டு மூடி வையுங்கள். அட்டையில் ஒன்பது குழி காலியாக இருக்கிறதே, நீங்கள் சொல்வதற்கு அதுவே சாட்சி. 'சரிபார்த்துத் தருகிறோம்' என்று யார் கேட்டாலும் நகலைக் கொடுங்கள், அசலைக் கையைவிட்டு விடாதீர்கள். மருத்துவமனையில் டிஸ்சார்ஜ் சம்மரியோடு நின்றுவிடாமல், முழு கேஸ் ஷீட்டையும் எல்லா ரத்தப் பரிசோதனை முடிவுகளையும் எழுத்து மூலம் கேட்டு வாங்குங்கள். மாத்திரை தொடங்குவதற்கு முன் எடுத்த ரத்தப் பரிசோதனை இருந்தால் அது மிக முக்கியம். முன்பு சரியாக இருந்த எண்ணிக்கை பின்பு சரிந்தது என்று காட்ட வேண்டும். இழப்பீட்டு வழக்குகள் பெரும்பாலும் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான். தவறு நடந்தது என்று நிரூபித்தால் மட்டும் போதாது, பாதிப்பு அந்தத் தவறால்தான் வந்தது என்றும் நிரூபிக்க வேண்டும்.

டாக்டரா, கடைக்காரரா? இருவருமாகவும் இருக்கலாம். 1980களின் இறுதியில் இங்கிலாந்தில் ஒரு வழக்கு தீர்ப்பானது. டாக்டர் எழுதியது அமாக்சில் என்ற ஆன்டிபயாடிக். கையெழுத்து புரியாமல் கடையில் கொடுத்தது டயோனில் என்ற சர்க்கரை நோய் மாத்திரை. சர்க்கரை நோயே இல்லாத அந்த மனிதரின் மூளை நிரந்தரமாகப் பாதிக்கப்பட்டது. கையெழுத்து மோசம் என்பதற்காக டாக்டருக்கு 25 சதவீதப் பொறுப்பு. அளவும் எண்ணிக்கையும் பொருந்தவில்லையே என்று சந்தேகப்பட்டுக் கேட்காததற்காகக் கடைக்கு 75 சதவீதம் என்று நீதிமன்றம் பிரித்தது. உங்கள் ஊர் நீதிமன்றம் இதே கணக்கைப் போட வேண்டும் என்றில்லை. ஆனால் 'அவர் எழுதினார், நான் கொடுத்தேன்' என்று சொல்லி ஒரு மருந்தாளுநர் எளிதில் தப்பிவிட முடியாது. மெத்தோட்ரெக்சேட்டைத் 'தினமும்' என்று பார்த்தவுடன் போனை எடுத்து டாக்டரைக் கேட்டிருக்க வேண்டும். எனவே சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்பதை முதலில் நீங்களே நிதானமாகப் படியுங்கள். 'வாரம் ஒருமுறை' என்று தெளிவாக இருந்தால் விரல் கடையின் பக்கம் நீளும். கிறுக்கலாக இருந்தால் இருவர் பக்கமும்.

அப்புறம், வழிகள். மருத்துவமனைக்கும் கடைக்கும் எழுத்து மூலம் புகார் கொடுத்து, எழுத்து மூலமே பதில் கேளுங்கள். மருத்துவர்களுக்கும் மருந்தாளுநர்களுக்கும் உரிமம் தரும் அமைப்புகளிடமும் போகலாம். அங்கே விசாரணை, நடவடிக்கை உண்டு, பொதுவாக இழப்பீடு கிடைக்காது. பணம் வேண்டுமென்றால் உரிமையியல் வழக்கு, அல்லது பேசித் தீர்ப்பது. நியூசிலாந்து போன்ற சில இடங்களில் யார் தவறு என்று நிரூபிக்காமலே அரசுத் திட்டம் இழப்பீடு தருகிறது. குற்றவியல் வழக்கு மிக அப்பட்டமான அலட்சியத்துக்குத்தான் நிற்கும். கோபத்தில் அந்தப் பக்கம் போக வேண்டாம் என்பது என் கருத்து.

மருத்துவ அலட்சிய வழக்குகளை நடத்திப் பழகிய வழக்கறிஞர் ஒருவரை இந்த மாதமே பாருங்கள். வழக்குத் தொடரக் காலக்கெடு உண்டு, நாட்டுக்கு நாடு மாறும். 'அம்மா முழுக்கத் தேறட்டும்' என்று இருந்தால் கடந்து போய்விடும். ஆனால் சமரசப் பத்திரத்தில் கையெழுத்துப் போட மட்டும் அவசரப்படாதீர்கள். அவருக்கு இன்னும் என்னென்ன சிகிச்சை தேவைப்படும் என்பது இப்போது யாருக்கும் தெரியாது.

கையெழுத்துப் போட வேண்டியவர் அம்மா. பாதிக்கப்பட்டவர் அவர், முடிவும் அவருடையதுதான். 'போனது போகட்டும்' என்பது அவரது உண்மையான விருப்பமா, உங்களுக்குச் சிரமம் வேண்டாம் என்ற எண்ணமா என்று அருகில் உட்கார்ந்து கேளுங்கள். நஷ்ட ஈடு வேண்டாம் என்றால் விட்டுவிடலாம். புகாரை மட்டும் கொடுக்கச் சம்மதிக்கிறாரா என்று கேட்டுப் பாருங்கள். அதே கடையில் நாளை இன்னொரு கவரும் எழுதப்படும்.

மறுபடி இதே மருந்தைத் தொடங்குவதா என்பதை டாக்டர் சொல்லட்டும். தொடங்கினால் 'வாரம் ஒருமுறை' என்பதோடு நிறுத்தாமல், எந்தக் கிழமை என்று சீட்டிலும் கவரிலும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.