ஆங்கில அட்வெர்ப்: 'ஆக' வரும் இடமெல்லாம் 'லி' வராது

ஆந்திராவின் குப்பம் ஊரில் எட்டாம் வகுப்பு படிக்கும் மகன், வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு. 'ரன்ஸ் ஃபாஸ்ட்லி', 'ஸ்பீக்ஸ் வெல் இங்கிலீஷ்' என்றே எழுதுகிறான், எப்படித் திருத்துவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

இது கவனக்குறைவு இல்லை, திட்டாதீர்கள். தமிழில் வேகமாக, தெலுங்கில் வேகங்கா. இரு மொழியும் பழக்கிவிட்ட 'ஆக', 'கா'வுக்குப் பதிலாக ஆங்கிலத்தில் 'லி'யை ஒட்டுகிறான். ஸ்லோலி, க்விக்லி போன்ற பல சொற்களில் அது சரியாகவே வரும். ஃபாஸ்ட், ஹார்ட் இரண்டும் மாறாமல் நிற்கும். குட் என்பது வெல் ஆகும். ஹார்ட்லி என்று தனிச்சொல் இருக்கிறது, ஆனால் 'ஹீ ஹார்ட்லி வொர்க்ஸ்' என்றால் அவன் வேலையே செய்வதில்லை என்கிற மாதிரி.

பெரிய குழி வேறு. 'பழம் இனிப்பாக இருக்கிறது', 'பண்டு திய்யகா உந்தி': இங்கேயும் ஆக, கா இருக்கிறது. ஆனால் ஆங்கிலத்தில் 'ஸ்வீட்லி' வராது, 'ஸ்வீட்'தான். செயல் எப்படி நடக்கிறது என்றால் அட்வெர்ப். பொருள் எப்படி இருக்கிறது என்றால் அட்ஜெக்டிவ். டேஸ்ட்ஸ், ஸ்மெல்ஸ், லுக்ஸ் வந்தால் அந்த இடத்தில் 'இஸ்' போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். வாக்கியம் நின்றால் 'லி' வேண்டாம். 'த சாம்பார் ஸ்மெல்ஸ் குட்' அப்படி வந்ததுதான்.

அடுத்தது இடம். 'நேற்று சந்தையில் சத்தமாகப் பேசினான்' என்பதைப் பின்னாலிருந்து படியுங்கள்: பேசினான், சத்தமாக, சந்தையில், நேற்று. ஆங்கிலம் பெரும்பாலும் இதே வரிசைதான்: 'ஹீ ஸ்போக் லௌட்லி இன் த மார்க்கெட் யெஸ்டர்டே'. இந்தக் கண்ணாடிக் கணக்கு மகனுக்குப் பிடித்தால் பாதி வேலை முடிந்தது. 'எதை' என்ற கேள்விக்கு விடையாகும் சொல் மட்டும் வினையை விட்டுப் பிரியாது. அதனால் 'ஸ்பீக்ஸ் இங்கிலீஷ் வெல்'.

ஆல்வேஸ், யூஷுவலி, ஆஃபன், நெவர் இந்தக் கணக்கில் சேராது. சாதாரண வினைக்கு முன்னால் வரும்: 'த பஸ் ஆஃபன் கம்ஸ் லேட்'. இஸ், வாஸ் வந்தால் அதற்குப் பின்னால்: 'த ட்ரெயின் இஸ் யூஷுவலி லேட்'. ஹேஸ், வில் போன்ற துணைவினை இருந்தால் முதல் துணைவினையை அடுத்து: 'ஹீ ஹேஸ் நெவர் சீன் த சீ'. நெவரிலேயே 'இல்லை' அடங்கியிருப்பதால் கூட ஒரு 'நாட்' சேர்க்கக் கூடாது. ஹார்ட்லிக்கும் அதுவே.