13 மாசம் தாங்கும்ங்கறார், தாங்குமா? – வாசகர் கடிதமும் பதிலும்

அண்ணா வணக்கம்,

உங்க சைட்ல வீட்டுச் செலவு பத்தி எழுதறதை ரொம்ப நாளா படிக்கறேன், எழுதறது இப்பதான். நாங்க தாம்பரம் பக்கம். வீட்டுக்காரர் ஓஎம்ஆர்ல ஒரு சாஃப்ட்வேர் கம்பெனில 11 வருஷமா சப்போர்ட் டீம்ல இருந்தார், வயசு 41. போன வாரம் மீட்டிங்னு கூப்பிட்டு ப்ராஜெக்ட் முடிஞ்சுது, இந்த மாசக் கடைசியோட ரிலீவ் ஆயிக்கோங்கன்னுட்டாங்க. கைக்கு 92 ஆயிரம் வந்துட்டிருந்துச்சு. மாசச் செலவு 78 ஆயிரம், அதுல வீட்டு லோன் இஎம்ஐ 31,500, சீட்டு 10 ஆயிரம். எஸ்பி அக்கவுண்ட்ல 1.4 லட்சம் இருக்கு, எஃப்டி 3 லட்சம், 20 மாசச் சீட்டுல 15 மாசம் கட்டினது 1.5 லட்சம், பிஎஃப் 4.8 லட்சம். மொத்தம் 10.7 லட்சம், 13 மாசம் தாங்கும், அதுக்குள்ள வேலை கிடைச்சுடும், நீ ஏன் பயப்படறேங்கறார். எனக்குத் தூக்கமே வரல.

அத்தைக்கும் பசங்களுக்கும் சொல்லவேண்டாம்னுட்டார். வொர்க் ஃப்ரம் ஹோம்னு சொல்லிட்டு ரூம்ல லேப்டாப்போட உக்காந்திருக்கார். அடுத்த மாசம் நாத்தனார் பொண்ணுக்கு சடங்கு, தாய்மாமன் சீர்னு ரெண்டு பவுனாவது போட்டாகணும்ங்கறார். நான் பி.காம்., கல்யாணத்துக்கு முன்னாடி ஆடிட்டர் ஆபீஸ்ல வேலை பாத்தேன், 18 ஆயிரத்துக்கு ஒரு வேலை இருக்குன்னு ஃப்ரெண்டு சொல்றா, அதுக்கும் வேண்டாம்ங்கறார். என்ன பண்றது அண்ணா?

– பெயர் வேண்டாம், தாம்பரம்

அன்புள்ள தங்கைக்கு,

11 வருஷம் உழைச்ச இடத்துல ஒரே மீட்டிங்ல முடிச்சு விட்டுட்டாங்கன்னா அந்த மனுஷனுக்கு உள்ள எப்படி இருக்கும்னு புரியுது, அவர் உங்களுக்கு தைரியம் சொல்றதும் பாசத்துலதான். 10.7 லட்சத்தை 78 ஆயிரத்தால வகுத்தா 13 மாசத்துக்கு மேலயேதான் வருது. ஆனா அந்த 10.7ல எல்லாமே செலவுக்கு எடுக்கற பணம் இல்ல, 78 ஆயிரம்ங்கறதும் முழுச் செலவு இல்ல.

முதல்ல பிஎஃப்பைத் தனியா எடுத்து வைங்க. வேலை போனா அதுல 75 சதவீதம்தான் சீக்கிரம் எடுக்கலாம், மீதி 25க்குக் காத்திருக்கணும், முன்னாடி ரெண்டு மாசமா இருந்த அந்தக் காத்திருப்பை 12 மாசம் ஆக்கறதா 2025 அக்டோபர்ல ட்ரஸ்டி போர்டு முடிவெடுத்துச்சு. எடுக்க முடியுதுங்கறதுக்காக எடுக்கவும் வேண்டாம், 41 வயசுல அதைத் தொட்டா 60 வயசுக்கு என்ன இருக்கும்? அது கடைசி கடைசியா தொடற பணம். அடுத்து சீட்டு. கட்டினது 1.5 லட்சம், ஆனா இன்னும் அஞ்சு தவணை பாக்கி இருக்கு, அதாவது 50 ஆயிரம். கடைசி ஏலங்கள்ல தள்ளு, அதாவது சீட்டு எடுக்கறவர் விட்டுக்கொடுக்கற தொகை, கம்மியாத்தான் போகும், ஒரு 1.8 லட்சத்துக்கு எடுத்தீங்கன்னு வைங்க, பாக்கித் தவணையைக் கழிச்சா நிக்கறது 1.3. சீட்டு எடுக்கும்போது ஜாமீன் கேப்பாங்க, சம்பளக்காரர் கையெழுத்து வேணும்பாங்க, அதனால யார்கிட்ட கேக்கறதுன்னு இப்பவே யோசிச்சு வைங்க. ஆக, எடுத்து செலவு பண்ணக்கூடிய பணம் 5.7 லட்சம்.

இனி செலவு. சீட்டுத் தவணையை மேலயே கழிச்சுட்டதால 78ல 10 போயிடும், 68. ஆனா ஸ்கூல் ஃபீஸ் இதுல இல்ல, அது வருஷத்துக்கு ஒரு தடவையோ டெர்ம் டெர்மாவோ வர்றதால மாசக் கணக்குல யாரும் எழுதறதே இல்ல. ரெண்டு பசங்களுக்கு ஃபீஸ், கார்ப்பரேஷனுக்கு சொத்து வரி, வண்டி இன்ஷூரன்ஸ், தீபாவளி, எல்லாத்தையும் விட இத்தனை நாளா கம்பெனி கொடுத்த மெடிக்கல் கவர் போனதால இனி நீங்களே கட்டப்போற பிரீமியம், இதெல்லாம் சேத்து வருஷம் 1.8 லட்சம்னு வச்சா மாசம் 15 ஆயிரம். உங்க நிஜ செலவு 83 ஆயிரம்.

அப்புறம் வீட்டு லோன். தவணை 90 நாளுக்கு மேல நிலுவையில போனா பேங்க் அதை வாராக் கடன்னு எழுதிடும், அதுக்கப்புறம் 60 நாள் நோட்டீஸ், அந்தப் பாதைக்குள்ள போயிட்டா திரும்பறது ரொம்பக் கஷ்டம். அதனால மூணு இஎம்ஐ, 94,500 ரூபாய், தனியா ஒரு அக்கவுண்ட்ல போட்டுட்டு அது இல்லவே இல்லைன்னு நினைச்சுக்கோங்க. மீதி 4.75 லட்சம், வகுத்துப் பாருங்க, ஆறு மாசத்துக்குக் கொஞ்சம் கம்மி. அந்த ஆறாவது மாசம் பணம் தீர்ற நாள் இல்ல, ஆனா வீட்டை வாடகைக்கு விட்டுட்டு சின்ன வீட்டுக்குப் போறதா, நகையில கை வைக்கறதா, சம்பளம் குறைஞ்சாலும் கிடைச்ச வேலைக்குப் போறதான்னு முடிவெடுத்தே ஆகவேண்டிய நாள். 13 மாசம் இருக்குன்னு நினைக்கறவர் முதல் நாலு மாசம் பழைய சம்பளத்துக்குக் கீழ வர்ற ஆஃபரை எல்லாம் வேண்டாம்பார், ஆறுதான்னு தெரிஞ்சவர் இன்டர்வியூவுக்குப் போற விதமே வேற, எனக்குப் பயமே இந்த இடத்துலதான்.

2020ல நடந்தது ஞாபகம் இருக்கும். மார்ச் 27ஆம் தேதி ரிசர்வ் பேங்க் மூணு மாசம் இஎம்ஐ கட்டவேண்டாம்னு சொல்லி அப்புறம் ஆகஸ்ட் 31 வரைக்கும் நீட்டிச்சாங்க. நிறைய பேர் அதைத் தள்ளுபடி மாதிரி எடுத்துக்கிட்டாங்க, ஆனா வட்டி ஓடிட்டேதான் இருந்துச்சு, 20 வருஷ லோன் வாங்கி ஓரிரு வருஷமே ஆன வீடுகள்ல ஆறு மாசம் நிறுத்தினதுக்கு ஒரு வருஷத்துக்கு மேல தவணை கூடிப்போச்சு. இப்ப அந்த வசதியும் கிடையாது. அதனால ஒரு தவணைகூட பவுன்ஸ் ஆகறதுக்கு முன்னாடி பிராஞ்சுக்குப் போய் மேனேஜரைப் பாருங்க, லோன் காலத்தை நீட்டி இஎம்ஐயைக் குறைக்க முடியுமான்னு கேளுங்க. ஒழுங்கா கட்டிட்டிருக்கும்போது போய்க் கேக்கறவங்களுக்குத்தான் அங்க மரியாதை.

இப்ப சீருக்கு வர்றேன், ஏன்னா உங்க கடிதத்துல என்னை ரொம்ப உறுத்தினது அதுதான். இன்னிக்கு விலைக்கு ரெண்டு பவுன், அதோட பட்டுப்புடவை, தட்டு வரிசை, வண்டி, சாப்பாடு எல்லாம் போட்டா உங்க வீட்டோட ரெண்டு மாசச் செலவுக்குக் குறையாது. இருக்கறதே ஆறு மாசம், அதுல ரெண்டு மாசத்தை ஒரு மண்டபத்துல வச்சுட்டு வரப்போறீங்க, விஷயத்தை வெளிய சொல்லலைங்கற ஒரே காரணத்துக்காக. சொல்லாம இருந்தா சீரைக் குறைக்கவும் முடியாது, குறைச்சா நாலு பேர் நாலு விதமா பேசுவாங்க, அப்ப கடன் வாங்கியாவது செய்யறதுதான் வழின்னு ஆயிடும். அத்தைகிட்ட இந்த வாரமே சொல்லுங்க, நீங்க இல்ல, அவரே உக்காந்து சொல்லட்டும். சடங்கு அவங்க பேத்திக்குத்தானே, நாத்தனார்கிட்ட அவங்களே பேசினா அது வேற மாதிரி போய்ச் சேரும், மகன் நிலைமை தெரிஞ்ச எந்த அம்மாவும் ரெண்டு பவுன் போட்டே ஆகணும்னு நிக்கமாட்டாங்க. இப்ப தாய்மாமனா ஒரு பட்டுப்புடவையும் மாலையும் போட்டு முறையைச் செய்யுங்க, பவுனை அந்தப் பொண்ணு கல்யாணத்துக்குப் போட்டுக்கலாம். பசங்ககிட்டயும் சொல்லுங்க, பூட்டின ரூம்ல அப்பா என்ன பண்றார்னு அதுங்களுக்கு ஏற்கனவே பாதி தெரிஞ்சிருக்கும்.

வீட்ல எல்லாருக்கும் தெரிஞ்சுட்டா செலவு தானா இறங்கும். ஆபீஸ் போற பெட்ரோல், வாரக் கடைசி ஹோட்டல், ஆர்டர் பண்றது, பசங்களோட ரெண்டு க்ளாஸ்ல ஒண்ணுன்னு 13 ஆயிரம் குறையும், பால்லயும் காய்லயும் கை வைக்கவேண்டாம், அத்தை மாத்திரையில வைக்கவே கூடாது. டேர்ம் இன்ஷூரன்ஸ் இருந்தா அதையும் நிறுத்தாதீங்க. 83 ஆயிரம் 70 ஆயிரம் ஆச்சுன்னா 4.75 லட்சம் ஏழு மாசத்துக்கு கிட்ட வரும்.

உங்க வேலை. 18 ஆயிரம்தானேன்னு அவர் நினைக்கறார், 92 ஆயிரம் வாங்கினவருக்கு அப்படித்தான் தோணும். 70ல 18 போனா சேமிப்புல இருந்து எடுக்கவேண்டியது 52 ஆயிரம்தான், அதே 4.75 லட்சம் ஒம்பது மாசம் வரும். நீங்க சம்பாதிக்கற 18 ஆயிரம் இந்த வீட்டுக்கு ரெண்டு மாசத்துக்கு மேல வாங்கித் தருது, அதுவும் அவர் நிதானமா வேலை தேடறதுக்கான ரெண்டு மாசம். இந்தக் கணக்கை அப்படியே ஒரு பேப்பர்ல எழுதி அவர் முன்னாடி வைங்க, வாதாட வேண்டாம். என் அபிப்பிராயம் கேட்டீங்கன்னா, அடுத்த திங்கக்கிழமையே போய்ச் சேருங்க.

நகை பத்தி நீங்க கேக்கல, ஆனா ஒரு கட்டத்துல வரும். கிரெடிட் கார்டு பாக்கியை முழுசா கட்டாம சுத்திவிட ஆரம்பிச்சா வருஷத்துக்கு 40 சதவீதத்துக்கு மேலகூட வட்டி போகும், ஃபோன்ல உடனே லோன்னு வர்ற ஆப் பக்கமே போகாதீங்க, அவசியம்னா பேங்க்ல நகைக்கடன், அதுவும் எப்ப மீட்கறதுன்னு தேதி போட்டுக்கிட்டு.

மாசம் முடியறதுக்குள்ள முடிக்கவேண்டியது மூணு இருக்கு. ரிலீவிங் தேதிக்கு முன்னாடியே அந்த குரூப் மெடிக்கல் பாலிசியைத் தனி பாலிசியா மாத்த முடியுமான்னு இன்ஷூரன்ஸ் கம்பெனிகிட்ட கேளுங்க, அத்தைக்கு சுகர் மாதிரி ஏதாவது இருந்தா புதுசா எடுக்கும்போது வெயிட்டிங் பீரியட், அதாவது அந்த நோய்க்கு க்ளெய்ம் கிடைக்காத காலம், திரும்ப முதல்ல இருந்து ஆரம்பிக்கும். ஃபுல் அண்ட் ஃபைனல் செட்டில்மென்ட், நோட்டீஸ் பே, லீவ் என்கேஷ்மென்ட் எல்லாம் எவ்வளவு, எந்தத் தேதின்னு எச்ஆருக்கு மெயில்லயே கேக்கச் சொல்லுங்க, வாய்ல பேசறது நிக்காது. இதெல்லாம் நான் கணக்குல சேக்கல, கைக்கு வந்தப்புறம் சேத்துக்கலாம். மூணாவது, பிஎஃப்பைத் தொடலைன்னாலும் யுஏஎன்ல, அதாவது அவரோட பிஎஃப் நம்பர்ல, ஆதார் பேர், பிறந்த தேதி, பேங்க் அக்கவுண்ட் எல்லாம் ஒத்துப்போகுதான்னு இப்பவே பாத்துடுங்க, கம்பெனி எக்ஸிட் தேதி போடாம விட்டா கடைசி கான்ட்ரிபியூஷன் போய் ரெண்டு மாசம் கழிச்சு அவரே போர்ட்டல்ல போட்டுக்கலாம்.