கேள்வி பதில்: கொடுமுடியில் பிறந்த குரல்

கேள்வி: ‘திருவிளையாடல்’ படத்தில் ஔவையாராக வரும் கே.பி. சுந்தராம்பாளைப் பார்த்துவிட்டு, “இந்தப் பாட்டி சின்ன வயசுல ஹீரோயினா நடிக்கலையா?” என்று என் பேத்தி கேட்கிறாள். என்ன சொல்லட்டும்?
- ஒரு வாசகி, கரூர்

பதில்: நடித்தார் என்று சொல்லுங்கள் அம்மா. நாடக மேடையில் அவர்தான் வள்ளி. எதிரே வேலனாக எஸ்.ஜி. கிட்டப்பா. 1926-இல் இலங்கையில் நாடகம் போடப் போன இடத்தில்தான் இருவரும் முதலில் சேர்ந்து நடித்தார்கள். கிட்டப்பாவின் உச்சஸ்தாயிக்கு இந்தப் பெண் ஈடுகொடுப்பாளா என்று பலருக்குச் சந்தேகம். ஈடுகொடுத்தார். மறு வருடமே கல்யாணம். கிட்டப்பாவுக்கு ஏற்கெனவே மனைவி உண்டு. அதனால் இந்த வாழ்க்கையில் மனஸ்தாபமும் பிரிவும் நிறைய இருந்தன.

1933 டிசம்பரில் கிட்டப்பா இறந்துபோனார். முப்பது வயதுகூட ஆகவில்லை. சுந்தராம்பாளுக்கு அப்போது 25. அன்றைக்கு உடுத்திய வெள்ளைப் புடவையைக் கடைசிவரை மாற்றவில்லை. இனி எந்த ஆணோடும் ஜோடியாக நடிப்பதில்லை என்றும் முடிவெடுத்தார். அதை வெறும் சோகக் கதையாகப் பேத்திக்குச் சொல்லிவிடாதீர்கள். காதல் காட்சியே இல்லாத ஒரு நடிகைக்காக சினிமா உலகம் வேடம் தேடி அலைந்தது, அதையும் சொல்லுங்கள். 1935-இல் ‘நந்தனார்’ படத்தில் அவர் நந்தனாராகவே, ஆண் வேடத்தில் நடித்தார். வேதியராக வந்தவர் சங்கீத வித்வான் மகாராஜபுரம் விஸ்வநாதய்யர். 1940-இல் மணிமேகலை. பதின்மூன்று வருடம் கழித்து ஜெமினியின் ‘ஔவையார்’. அதற்கும் பதினோரு வருடம் கழித்து ‘பூம்புகார்’ படத்தில் கவுந்தி அடிகள். துறவி, பக்தர், புலவர் என்று எல்லாமே தன் நிபந்தனைக்குள் அடங்கிய வேடங்கள். மொத்தமே ஒரு டஜன் படங்கள்தான்.

கேள்வி: மைக் இல்லாத காலத்தில் விடிய விடிய எப்படிப் பாடினார்கள்? நான் நாடகம் பயில்கிறேன். அரை மணி நேரத்தில் எனக்குத் தொண்டை கட்டிவிடுகிறது.
- ஒரு மாணவர், மதுரை

பதில்: என் அப்பா ஸ்பெஷல் நாடகங்களுக்கு ஆர்மோனியம் வாசித்தவர். அதனால் இந்தக் கேள்வி எனக்கு ரொம்பப் பிடித்தது. ஸ்பெஷல் நாடகத்தில் ஒத்திகை கிடையாது. ராஜபார்ட், அதாவது கதாநாயகன், ஓர் ஊரிலிருந்து வருவார்; ஸ்திரீபார்ட், அதாவது கதாநாயகி, வேறோர் ஊரிலிருந்து வருவார். இருவரும் மேடையில்தான் சந்திப்பார்கள். கதை தெரியும், நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளின் பாட்டுகள் மனப்பாடம். மற்றதெல்லாம் அந்த நேரத்துத் தர்க்கம். எதிராளி சுருதியை ஏற்றினால் நாமும் ஏறியாக வேண்டும். இல்லையென்றால் ஜனங்கள் விடமாட்டார்கள்.

கத்துகிறவனுக்குத்தான் தொண்டை போகும் என்பார் அப்பா. கடைசி வரிசையில் போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பவனுக்குச் சத்தம் போய்ச் சேர்ந்தால் போதாது, சொல் போய்ச் சேர வேண்டும். சுந்தராம்பாளின் பாட்டைக் கவனித்துக் கேளுங்கள். எவ்வளவு உயரத்தில் பாடினாலும் ஒரு எழுத்துகூட மழுங்காது. வரியின் கடைசிச் சொல்லை விழுங்கமாட்டார். மூச்சு எங்கே எடுத்தார் என்றே தெரியாது. நீங்கள் முதலில் பழக வேண்டியது உச்சரிப்பு, உயரம் அப்புறம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவர் 1908-இல் கொடுமுடியில் பிறந்தவர். குடும்பத்தில் வறுமை. ரயிலில் பாடிக்கொண்டிருந்த சிறுமியின் குரலைக் கேட்டுத்தான் நாடகத்துக்கு அழைத்து வந்தார்கள். ஓடுகிற ரயிலின் இரைச்சலை மீறிப் பாடிய குழந்தைக்குக் கொட்டகை ஒரு பெரிய விஷயமா? ஆரம்பத்தில் கிடைத்த வேடங்களில் ஒன்று, நல்லதங்காள் நாடகத்தில் பசியில் அழுகிற பிள்ளை. பசி என்றால் என்னவென்று அந்தப் பிள்ளைக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருந்திருக்காது. இதை எழுதும்போதே எனக்கு மனசு கனக்கிறது.

கேள்வி: ‘நந்தனார்’ படத்துக்கு அவர் ஒரு லட்சம் ரூபாய் வாங்கினார் என்பது உண்மையா? அதில் நடித்தவர் தண்டபாணி தேசிகர் இல்லையா?
- ஒரு வாசகர், ஈரோடு

பதில்: உண்மைதான். நடிக்க மனமில்லாமல் பெரிய தொகையாகக் கேட்டால் போய்விடுவார்கள் என்று நினைத்துக் கேட்டாராம்; கொடுத்துவிட்டார்கள். தேசிகர் நடித்தது 1942-இல் ஜெமினி எடுத்த ‘நந்தனார்’. அது வேறு படம்.

கேள்வி: அவருக்கு உரிய மரியாதை கிடைத்ததா?
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: காங்கிரஸ் மேடைகளில் பாடிச் சுதந்திரப் போராட்டத்துக்குக் கூட்டம் சேர்த்தவர். பிற்பாடு சட்ட மேலவை உறுப்பினரானார். 1970-இல் பத்மஸ்ரீ. ‘துணைவன்’ படத்துக்காக 1969-ஆம் ஆண்டின் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது. அறுபதைத் தாண்டிய வயதில், அதுவும் திரையில் தனக்குத்தானே பாடிக்கொண்டதற்காக! 1980-இல் காலமானார். விருதுகள் சரி. ஆனால் மேடையில் அவர் பாடிய அந்த இரவுகளை யாரும் பதிவு செய்து வைக்கவில்லையே என்பதுதான் என் ஆற்றாமை. நமக்குக் கிடைப்பவை இசைத்தட்டுகளும் படங்களும் மட்டுமே.

கேள்வி: எந்தப் படத்திலிருந்து தொடங்கலாம்?
- ஒரு கல்லூரி மாணவி, சேலம்

பதில்: ‘ஔவையார்’. படம் நீளம்தான், பொறுமையாகப் பாருங்கள். யானைகள் கோட்டையை இடிக்கும் காட்சியை எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அதைவிட, அவர் கோலூன்றி நடந்தபடி தனியாகப் பாடுகிற இடங்கள்தான் பிடிக்கும். அப்புறம் ‘பூம்புகார்’.